பிரிக்காத பாட்டில்

பேட்டையில் பூதத்தானின் ஒர்க்‌ஷாப்பைத் தேடிப் போகிறவர்கள் போர்டைப் பார்த்துக்கொண்டே போனால் தாண்டிப் போய்விடுவார்கள். போர்டு கிடையாது. வெல்டிங் பட்டறையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, அதற்கு முன்னால் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள், அவற்றுக்கு நடுவே குனிந்திருக்கும் ஒரு நரைத்த தலை. அந்தத் தலைதான் அடையாளம்.

அவரைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. ஒன்று, ஆள் பெரிய பக்திமான். வேலை முடிந்த வண்டிக்கு ஹெட்லைட்டின் மேல் குங்குமப் பொட்டு வைக்காமல் சாவியைக் கையில் தர மாட்டார். இன்னொன்று, எண்ணெய் விஷயத்தில் பிடிவாதக்காரர். வண்டிக்குத் தொள்ளாயிரம் மில்லி என்றால் தொள்ளாயிரம்தான். ஒரு லிட்டர் பாட்டிலில் மிச்சமிருக்கும் நூறு மில்லியையும் சேர்த்துக் கவிழ்க்கச் சொன்னால், வண்டியை வேறு கடையில் விடச் சொல்லிவிடுவார்.

இரண்டாவது பேச்சு உண்மை. முதல் பேச்சில் பாதிதான் உண்மை.

அந்தப் பொட்டுக்கும் சாமிக்கும் சம்பந்தம் கிடையாது. பூதத்தான் பிறந்தது முக்கூடலில். அம்மா பீடி சுற்றிக் காப்பாற்றிய வீடு. பள்ளிக்கூடம் ஒட்டவில்லை என்று மீசை அரும்பும் வயதில் அம்பாசமுத்திரத்தில் ஒரு பட்டறையில் சேர்ந்தார். அங்கே கூட வேலை பார்த்தவன் ஒருநாள் பால்காரர் ஒருவரின் வண்டியில் பழைய எண்ணெயை வடித்துவிட்டு, புது எண்ணெய் ஊற்றுவதற்கு முன் டீ குடிக்கப் போனான். பால்காரர் வந்தார், வேலை முடிந்தது என்று நினைத்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஊரைத் தாண்டுவதற்குள் என்ஜின் காய்ந்து பிஸ்டன் இறுகிப் பின் சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. ஓடுகிற சக்கரம் திடீரென்று நின்றால் மேலே இருக்கிற மனிதன் என்ன ஆவான் என்பதை பூதத்தான் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார். ரோட்டில் பால் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஓரம் சிவப்பாக இருந்தது.

பால்காரர் பிழைத்தார். ஆனால் அதன் பிறகு ஒரு காலைத் தரையில் ஊன்றி நடக்கவில்லை.

பேட்டைக்கு வந்து தனியாகக் கடை போட்டபோது பூதத்தானுக்கு முதலில் வந்த பயம் அதுதான். அவர் கொஞ்சம் மறதிக்காரர். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக் கொட்டகை முழுக்கத் தேடுகிற ரகம். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். எண்ணெய் ஊற்றி, அளவுக்குச்சியை விட்டுப் பார்த்து, மேல்கோடு வரை வந்துவிட்டது என்று உறுதியானதும் அந்தக் கையோடு ஒரு பொட்டு. பொட்டு இருந்தால் எண்ணெய் இருக்கிறது, பொட்டு இல்லை என்றால் வண்டி நகரக் கூடாது. ஊர் அதை பக்தி என்று எடுத்துக்கொண்டது. அவரும் திருத்தவில்லை. மறதிக்காரன் என்று தெரிவதைவிட பக்திமான் என்று பெயர் எடுப்பது தொழிலுக்கு நல்லதுதானே. வேடிக்கை என்னவென்றால் பெண்டாட்டி தங்கத்தாயிடமும் அவர் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் வெட்கம். பிறகு சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

அவசியம் இந்த வருஷ ஆயுதபூஜை அன்று வந்தது.

ஆயுதபூஜை என்றால் பேட்டையில் ஒரு பட்டறையும் சும்மா இருக்காது. வருஷம் முழுக்கச் சேற்றோடு ஓட்டுகிறவனுக்கும் அன்றைக்கு வண்டி பளபளக்க வேண்டும், எண்ணெய் மாற்ற வேண்டும். பூதத்தான் காலையிலேயே போய், நிற்கிற வண்டிகளை எண்ணி, வண்டிக்கு ஒரு பாட்டில் என்று வாங்கி வந்தார். உபரி வாங்கும் பழக்கம் அவரிடம் என்றைக்கும் கிடையாது.

வரிசையின் கடைசியில் ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு நிறத்தில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று மருமகன் மகாராஜாவுடையது. மகள் முத்துராணியையும் இரண்டு வயதுப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு நாங்குநேரியிலிருந்து பூஜைக்கு வந்திருந்தான். இன்னொன்று முக்கூடலில் மளிகைக் கடை வைத்திருக்கும் சிவசண்முகம் அண்ணாச்சியுடையது. அண்ணாச்சி காலையிலேயே வண்டியை விட்டுவிட்டு, மனைவி கோமுவோடு நெல்லையப்பர் கோவிலுக்குப் போயிருந்தார்.

சிவசண்முகம் அண்ணாச்சிக்கும் பூதத்தானுக்கும் வருஷக் கணக்காக ஒரு வழக்கு நடந்து வந்தது. தராசைப் பிடித்தே வாழ்ந்த மனிதர். ஒரு லிட்டர் பாட்டிலில் தொள்ளாயிரம் மட்டும் உள்ளே போவதை அவர் கண்ணால் பார்க்கச் சகிக்காது. சென்ற முறைகூட ஸ்டூலைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“மிச்சத்தையும் ஊத்தும்வே. நான் என் கடையில நூறு மில்லி கொறச்சா ஊரு சும்மா விடுமா?”

“அண்ணாச்சி, உங்க சட்டியில எண்ணெ கூடுனா அப்பளம் மெதக்கும். இங்கன கூடுனா உள்ள நொரச்சுப் போகும், சீலு பிதுங்கும். கொறஞ்சா அதவிட மோசம். கோடுன்னு ஒண்ணு எதுக்குப் போட்டுருக்கான்?”

அண்ணாச்சி நம்பவும் இல்லை, வேறு கடைக்குப் போகவும் இல்லை. கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. மிச்ச நூறு மில்லியை அதே பாட்டிலில் மூடிக் கொடுத்துவிட வேண்டும். கடை ஷட்டருக்குப் போட அண்ணாச்சி வாங்கிக்கொண்டு போனார்.

பூஜை அன்று அந்த இரண்டு வண்டியிலும் பழைய எண்ணெய் தார் மாதிரி இறங்கியது. அப்படி இறங்கினால் பூதத்தான் நேராகப் புது எண்ணெய் ஊற்ற மாட்டார். பாட்டிலில் அடைக்காத சில்லறை எண்ணெய் முந்நூறு மில்லி ஊற்றி, ஒரு நிமிஷம் ஓடவிட்டு, உள்ளே அலசி, அதையும் வடித்த பிறகே தொள்ளாயிரம். சோறு வடிக்கிற பானையைக் கழுவுகிற மாதிரிதான். இரண்டுக்கும் கழுவு எண்ணெய் ஊற்றினார். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே தங்கத்தாய் வந்து, மாலை வாங்கவில்லை, பொரி வாங்கவில்லை, கடையில் எல்லாம் தீர்ந்துபோவதற்குள் போய் வரச் சொன்னாள். அவர் கையைக் கழிவு நூலில் துடைத்துக்கொண்டே கிளம்பினார். ஒரு வண்டிதான் பாக்கி, வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

மாலையும் பொரியுமாகத் திரும்பியபோது கொட்டகை வேறு மாதிரி இருந்தது. தோரணம் கட்டி, தண்ணீர் தெளித்து, வாழைக்கன்று நட்டு, நிற்கிற வண்டிகள் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. ஆட்கள் சாவிக்காகக் காத்திருந்தார்கள். சூடம் காட்டியாயிற்று. திருஷ்டிக்குப் பூசணிக்காயை உடைத்தாயிற்று. பூதத்தான் ஒவ்வொரு வண்டியின் ஹெட்லைட்டையும் வழக்கம்போல ஒரு பார்வை பார்த்தார். பொட்டு இருந்தது. ஒவ்வொரு சாவியாகக் கொடுத்தார்.

எத்தனையோ வருஷம் காப்பாற்றிய அந்தப் பார்வை அன்றைக்கு அவரைக் கைவிட்டது. அதில் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை.

கோமு தன் தலையில் இருந்த பிச்சிப்பூச் சரத்தில் பாதியைக் கிள்ளிப் பேத்தியின் குட்டை முடியில் சொருகிவிட்டு, குழந்தையின் கன்னத்தைத் தொட்டு முத்தம் கொடுத்துவிட்டு அண்ணாச்சியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். சேலையைச் சக்கரத்தில் படாமல் இழுத்துச் செருகிக்கொள்ளும்படி அண்ணாச்சி அவளிடம் இரண்டு தடவை சொன்னார். அவர்கள் மேற்கே போனார்கள். சற்று நேரத்தில் மகாராஜா, குழந்தையை டேங்க் மேல் உட்கார்த்தி, முத்துராணியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிழக்கே கிளம்பினான்.

எல்லாரும் போன பிறகு பூதத்தான் சாமான்களை ஒதுங்க வைத்தார். கழிவு நூல் குவியலைத் தூக்கினார். அதற்கடியில் ஒரு பாட்டில் இருந்தது. புதுப் பாட்டில். மூடியைச் சுற்றிய வளையம் அறுபடாமல் இருந்தது.

அவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு, வண்டிக்கு ஒன்று என்று எண்ணி வாங்கிய கணக்கு ஞாபகம் வந்தது. கழுவு எண்ணெய் வடிக்கும் டப்பாவை ஓடிப்போய்ப் பார்த்தார். ஒரு வண்டிக்கானதுதான் கிடந்தது. இன்னொரு வண்டியின் முந்நூறு மில்லி அந்த வண்டிக்குள்ளேயே இருந்தது. அது மட்டுமே இருந்தது.

“வண்டிக்கெல்லாம் பொட்டு வச்சது யாரு?”

தங்கத்தாய் தாம்பாளத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “நான்தான். நல்ல நாளும் பொழுதுமா நீங்க கடைசி வண்டிக்கு வைக்காமலே போயிட்டிய. சாமி குத்தம் ஆயிரும்னு எல்லாத்துக்கும் நானே வச்சேன்.”

அவள் முகத்தில் பாராட்டை எதிர்பார்க்கும் வெளிச்சம் இருந்தது. பூதத்தானால் அவளைத் திட்ட முடியவில்லை. திட்டுவதற்கு என்ன இருக்கிறது? வாயைத் திறந்து ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். அவர் தலையில் கை வைத்துக் கீழே உட்கார்ந்து, பொட்டு எதற்கு என்பதை இத்தனை வருஷம் கழித்து அவளிடம் சொன்னார். தங்கத்தாயின் கையிலிருந்த துணி நின்றது.

எந்த வண்டி? பூதத்தான் கண்ணை மூடி யோசித்தார். பாட்டிலின் அடியில் நூறு மில்லி மிச்சம் வைத்து மூடியைத் திருகியது கையில் அப்படியே ஞாபகம் இருந்தது. மிச்சம் வைத்து மூடுவது அண்ணாச்சிக்காக மட்டும் செய்கிற காரியம். மற்றவர்களின் மிச்சத்தை அவர் தன் டப்பாவில் கொட்டிவிடுவார். அப்படியென்றால் அண்ணாச்சி வண்டிக்கு ஊற்றியாகிவிட்டது. பாக்கி மகாராஜாவின் வண்டி. டேங்க் மேல் குழந்தை உட்கார்ந்து போகிற வண்டி.

மகாராஜாவுக்குப் போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்காதே என்று மருமகனுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். முத்துராணியின் போன் உள்ளே அலமாரியில் சார்ஜில் கிடந்து கத்தியது. அவசரத்தில் மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். அப்பனைப் போலவே பிள்ளை.

பூதத்தான் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு தன் பழைய வண்டியை உதைத்தார். தங்கத்தாய் வாசல்வரை ஓடி வந்தாள்.

“அண்ணாச்சிக்கும் ஒரு போன் போட்டுருங்களேன்.”

“அது ஊத்தியாச்சு. எனக்கு நல்லா நெனவிருக்கு. நீ மகாராஜாவுக்கு அடிச்சுக்கிட்டே இரு.”

டவுனைத் தாண்டி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, நாலுவழிச் சாலையைப் பிடிக்கும்வரை அவருக்கு ரோட்டில் கண்ணே இல்லை. பிறகு ரோடு முழுக்க ஒன்றுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு கடை வாசலிலும், ஒவ்வொரு முக்கிலும் திருஷ்டி கழித்து உடைத்த பூசணிக்காய்கள் கிடந்தன. வெள்ளைச் சதை சிதறி, உள்ளே வைத்த குங்குமம் தண்ணீரோடு கலந்து ஓடியிருந்தது. தூரத்தில் சிவப்பைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கை தானாக பிரேக்கைப் பிடித்தது. கிட்டே போனால் பூசணிக்காய். அடுத்த சிவப்புக்கும் கை அதேபோல பிரேக்குக்குப் போனது.

முந்நூறு மில்லியில் ஒரு என்ஜின் எவ்வளவு தூரம் ஓடும் என்று கணக்குப் போடாமல் இருக்க முயன்றார். முடியவில்லை. பைய ஓட்டினால் கொஞ்ச தூரம் தாங்கும். நாலுவழிச் சாலையில் எந்த இளவட்டம் பைய ஓட்டுகிறான்? முதலில் ஒரு சத்தம் வரும், டப்பாவில் கல் போட்டுக் குலுக்குவது போல. மகாராஜாவுக்கு அது கேட்குமா? பின்னால் இருக்கிற முத்துராணி பேசிக்கொண்டே வருவாளே. காத்து வேறு. நாகம்மாளுக்கு, முத்தாரம்மனுக்கு, குலதெய்வமான பூதத்தாருக்கு என்று வாய்க்கு வந்த சாமிக்கெல்லாம் நேர்ந்துகொண்டார். பொட்டை வைத்து ஊரை ஏமாற்றியவன் என்று எந்தச் சாமியும் தள்ளிவிடக் கூடாதே என்றும் பயந்தார்.

ஓர் இடத்தில் லாரி குறுக்கே நின்றது. கூட்டம் கூடியிருந்தது. பூதத்தான் வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். கூட்டத்தை விலக்கிப் பார்த்தால் லாரிக்காரன் சூடம் ஏற்றிக்கொண்டிருந்தான். சுற்றி நின்றவர்களுக்குப் பொரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ அவர் கையிலும் ஒரு பிடி வைத்தார்கள். அவர் அதைப் பிடித்துக்கொண்டே திரும்பி ஓடினார்.

நாங்குநேரிக்குத் திரும்பும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு டீக்கடை. அதன் ஓரம் அந்தக் கறுப்பு வண்டி நின்றது. நேராக, ஸ்டாண்டில் நின்றது. பெஞ்சில் மகாராஜா டீ குடித்துக்கொண்டிருந்தான். முத்துராணி குழந்தைக்கு பிஸ்கட்டை நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

பூதத்தான் நேராக அந்த வண்டியிடம் போனார். வண்டியை இழுத்து நடு ஸ்டாண்டில் போட்டார். முட்டி போட்டு, அளவுக்குச்சியைக் கழற்றி, வேட்டி முனையில் துடைத்து, திருகாமல் உள்ளே விட்டு எடுத்தார். முதல் தடவை சரியாகத் தெரியவில்லை. மறுபடி துடைத்து விட்டு எடுத்தார்.

எண்ணெய் மேல்கோடு வரை இருந்தது. தேன் நிறம். அன்றைக்கு ஊற்றிய எண்ணெய்.

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. குழந்தையைத் தூக்கி நெஞ்சோடு அழுத்திக்கொண்டார். அது அவர் முகத்தில் இருந்த கறையைப் பார்த்து பிஸ்கட்டை நீட்டியது. மகாராஜா என்ன ஏது என்று கேட்டுக்கொண்டே எழுந்தான். சட்டைப் பையில் கிடந்த போனை அப்போதுதான் எடுத்துப் பார்த்து, இத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறீர்களே மாமா என்றான். பூதத்தான் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார். ஒரு நிமிஷம், அந்த ஒரு நிமிஷம் மட்டும், உலகத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

முத்துராணிதான் சொன்னாள். “மிச்ச எண்ணெய்க்கா யப்பா இம்புட்டுத் தூரம் வந்திய? கதவுக் கீலுக்குப் போட நூறு மில்லி வேணும்னு நான் கேட்டேன்லா, நீங்களும் பாட்டில்ல மூடிக் குடுத்திய. அத எங்க பையிலதான் வச்சிருக்கேன்.”

அவள் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். அடியில் நூறு மில்லி மிச்சம் வைத்து, மூடி இறுகத் திருகிய பாட்டில். கைக்கு இருந்த ஞாபகம் சரிதான். அது அண்ணாச்சிக்காக என்று நினைக்க வைத்தது, சென்ற முறை ஸ்டூலில் உட்கார்ந்து அண்ணாச்சி போட்ட சண்டையின் ஞாபகம். இரண்டும் மனசுக்குள் ஒன்றாகக் கலந்துவிட்டன.

நூறு மில்லிக்காக வருஷக் கணக்காகச் சண்டை போட்ட மனிதர், பூஜை அவசரத்தில் மிச்சப் பாட்டிலைக் கேட்கவும் மறந்து, அன்றைக்குத் தொள்ளாயிரமும் இல்லாமல் கோமுவைப் பின்னால் வைத்துக்கொண்டு மேற்கே போயிருக்கிறார். தங்கத்தாய் போன் போடச் சொன்னாள். வேண்டாம் என்று சொன்னது பூதத்தானின் வாய்தான்.

பூதத்தான் குழந்தையைப் பெஞ்சில் இறக்கிவிட்டு அண்ணாச்சியின் எண்ணைத் தேடினார். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு, தொட்டதை போன் ஏற்கவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு அழுத்தினார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அழுத்தினார். அடித்து நின்றது. மூன்றாவது முறை யாரோ எடுத்தார்கள். பெண் குரல். கோமு இல்லை.

“யாரு பேசுதிய? இந்த போனு ரோட்டு ஓரத்துல கெடந்து அடிச்சுக்கிட்டே கெடக்கு. அதான் எடுத்தேன்.”

எந்த இடம் என்று கேட்டார். முக்கூடலுக்கு முன்னால், வாய்க்கால் பாலத்துப் பக்கம் என்றாள். வயலில் நின்று பார்த்தாளாம். நன்றாகப் போய்க்கொண்டிருந்த வண்டியின் பின்சக்கரம் திடீரென்று சுற்றாமல் நின்று தேய்த்துக்கொண்டே போயிற்றாம். இரண்டு பேரையும் தூக்கி எறிந்துவிட்டதாம்.

“அந்தம்மாவுக்கு நெனவே இல்ல. இப்பத்தான் ஆம்புலன்ஸுல ஏத்திக்கிட்டுப் போறாக. அவருக்குக் கையில அடி. அவரு அழுத அழுகைய கண்ணு கொண்டு பாக்க முடியல. வண்டியில ஒரு கொறையும் இல்ல, இன்னைக்குத்தான் நம்பிக்கையான ஆளுகிட்ட விட்டு வேல பாத்தேன், நான்தான் கவனமில்லாம ஓட்டி அவள தள்ளிப்போட்டேன்னு, அதையே திரும்பத் திரும்பச் சொல்லுதாரு.”

எதிரே குழந்தை பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தது. அதன் தலையில் கோமு சொருகிய பிச்சிப்பூ சற்றுச் சரிந்திருந்தது. முத்துராணி அதைச் சரிசெய்தாள். போனை அணைத்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. இறுகிப்போன என்ஜினைப் பார்க்கிறவன் பழைய வண்டி என்பான். அண்ணாச்சி ஆயுசுக்கும் தன்னையே நொந்துகொள்வார்.

“கேக்குதா? நீங்க அவுகளுக்கு என்ன வேணும்? சொந்தமா?”

“சொந்தம் இல்லம்மா,” என்றார் பூதத்தான். “அந்த வண்டிக்கு ஆயில் மாத்துனவன் நான்தான். நான் ஊத்தல. அவரு மேல தப்பே இல்ல. எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாகன்னு மட்டும் சொல்லுங்க, நான் நேர்ல போயி அவருகிட்ட சொல்லணும்.”

அந்தப் பெண் பக்கத்தில் நின்றவர்களிடம் விசாரித்தாள். பிறகு ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாள். பூதத்தான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியைத் திருப்பினார். உள்ளே பிரிக்காத பாட்டில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது.